படம் ஏன் மங்குகிறது? அறிகுறி பார்த்துப் புல ஆழக் கோளாறுகளைச் சரிசெய்வது

மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு வெளியே நான் வளர்ந்த தோட்டத்தில் லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடிக்கப் போகிறார்கள் என்று முடிவானதும், மிச்சமிருந்த குடும்பங்களையெல்லாம் கோயில் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். மூன்று வரிசை. பிள்ளைகள் தரையில், பெண்கள் நாற்காலியில், ஆண்கள் பின்னால் நின்றபடி. கையில் புதிதாக வாங்கிய 50 மி.மீ. லென்ஸ். அதன் பெருமையே எஃப் 1.8, அதாவது ஒளி புகும் துளையை அவ்வளவு அகலமாகத் திறக்கலாம் என்பதுதான் என்று கேட்டிருந்ததால், அந்த எண்ணிலேயே வைத்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் அருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது நாற்காலி வரிசை மட்டும்தான் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகளின் முகம் லேசாக மங்கல். பின்வரிசையில் ஒரு முகம்கூடத் தெளிவில்லை. முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர்களும் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியவர்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். லயம் இப்போது இல்லை. குடும்பங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் கிள்ளான் நகருக்கும் போய்விட்டன. திரும்ப எடுக்க முடியாத படம் அது.

இன்றைக்கு நம் பிள்ளைகள் படத்தைக் கொண்டுவந்து, "அண்ணே, லென்ஸ் போச்சு போல, வேற வாங்கணுமா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். பத்தில் ஒன்பது தடவை லென்ஸில் எந்தக் குறையும் இருப்பதில்லை. தெளிவாக விழும் பகுதி எவ்வளவு ஆழம், அது எங்கே விழுந்தது என்பதில்தான் கோளாறு. காசு செலவழிக்கும் முன் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

முதலில் படத்தைப் படியுங்கள்

எந்த எண்ணையும் மாற்றாதீர்கள். படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, எது தெளிவாக இருக்கிறது என்று தேடுங்கள். எது மங்கல் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். தெளிவான இடத்தைக் கண்டுபிடித்தால்தான் நோய் பிடிபடும். முகம் மங்கலாகவும் பின்னால் உள்ள கதவின் தாழ்ப்பாள் பளிச்சென்றும் இருந்தால் ஃபோக்கஸ் கதவுக்குப் போய்விட்டது. சுவர், தூண் எல்லாம் தெளிவு, ஆள் மட்டும் இழுபட்டிருக்கிறார் என்றால் ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை) வேகம் போதவில்லை. படம் முழுக்கத் தேடியும் தெளிவான இடம் ஒன்றுகூட இல்லை என்றால் அது புல ஆழத்தின் குற்றமே இல்லை; அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்பதைத் தமிழில் புல ஆழம் என்கிறோம். லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் முழுத் தெளிவாகப் பிடிக்கும். அதற்கு முன்னும் பின்னும் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எதுவரை நம் கண் "சரி, தெளிவுதான்" என்று ஏற்றுக்கொள்கிறதோ அந்த இடைவெளிதான் ஆழம். கோடு போட்டதுபோல் ஓரிடத்தில் முடிவதில்லை. கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரிந்தது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

இங்கே வரும் கணக்குகள் எல்லாம் ஏபிஎஸ்-சி சென்சாருக்கானவை. சென்சார் என்பது கேமராவுக்குள் படம் விழும் சில்லு; ஏபிஎஸ்-சி அதன் ஒரு நடுத்தர அளவு. நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது அந்தக் கேமராதான். ஒரு புள்ளி சென்சாரில் 0.02 மி.மீ. வட்டம் வரை விரிந்தாலும் அதைத் தெளிவு என்று ஏற்றுக்கொண்டு போட்ட கணக்கு. அதே 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8. ஒரு மீட்டரில் நிற்கும் ஆளுக்குக் கிடைக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ. ஒன்றரை மீட்டரில் 6.5 செ.மீ. மூன்று மீட்டரில் 26 செ.மீ.

தூரம் இரண்டு மடங்கானபோது ஆழம் நான்கு மடங்காகிவிட்டதைக் கவனியுங்கள். எஃப் எண்ணை இரண்டு மடங்காக்கினால் ஆழமும் இரண்டு மடங்குதான் ஆகும். ஆள் படம் எடுக்கும் தூரங்களுக்கெல்லாம் இது பொருந்தும். ஆகையால் என் முறை, முதலில் கால், அப்புறம் விரல். இரண்டடி நகர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு எண்ணைத் தொடுங்கள்.

அறிகுறி: படத்தில் எங்குமே தெளிவில்லை

இரண்டு காரணம்தான் அடிக்கடி வரும். ஒன்று, கை ஆட்டம். விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் சிறு கோடாக இழுபட்டிருந்தால் இதுதான். 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் நொடியில் 80-ல் ஒரு பங்கைவிட மெதுவாகப் போக வேண்டாம். 200 மி.மீ. என்றால் 320-ல் ஒரு பங்கு.

இன்னொன்று நம் நாட்டு ஈரப்பதம். ஏர்கான் போட்ட மண்டபத்திலிருந்து வெளியே வந்த உடனே எடுத்த படங்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால், குளிர்ந்த கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். திருமண வீட்டில் மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும் நேரத்தில் இது நடந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் முன்கூட்டியே வெளியே வந்துவிடுங்கள்.

அறிகுறி: கண் மங்கல், காதுத் தோடு தெளிவு

நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஃபோக்கஸ் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பி ஆளை ஓரத்தில் நிறுத்தி எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தது. எஃப் 8-ல் எடுத்த காலத்தில் அதில் குற்றமில்லை. எஃப் 1.8-ல் அது படத்தைக் கெடுத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். கண் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. பூட்டிய பிறகு கேமராவை 15 டிகிரி திருப்புகிறீர்கள். தெளிவுத் தளம் கேமராவுக்கு நேர் எதிரே தட்டையாக நிற்பது. அது கேமராவோடு சேர்ந்து திரும்பும். திரும்பிய பின் அந்தத் தளம் கண்ணுக்கு 5 செ.மீ. பின்னால் போய் நிற்கிறது. கிடைக்கும் ஆழமோ முன்னும் பின்னும் மூன்று மூன்று செ.மீ. போலத்தான். கண் வெளியே விழுந்துவிட்டது; காது உள்ளே வந்துவிட்டது.

தீர்வு, ஃபோக்கஸ் புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துவது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். பழைய கேமராவாக ஓரப் புள்ளிகள் சரியாகப் பிடிக்காமல் இருந்தால், எஃப் 4 வைத்து, அரை மீட்டர் பின்வாங்கி, ஆளை நடுவிலேயே வைத்து எடுத்துவிட்டுப் பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படத்தில் கொஞ்சம் வெட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டு பேர் இருக்கும் படத்திலும் இதே சிக்கல் வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்பின்னாக நின்றால் ஒருவர்தான் தெளிவாக வருவார். இருவர் நெற்றியும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி, "அக்கா, அரையடி முன்னால வாங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டால் எஃப் 2.8-லேயே வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: காவடி தெளிவு, காவடி எடுப்பவர் முகம் மங்கல்

தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி என்றால் தைப்பூசத்துக்குச் சமமான கூட்டம். பால்குடமும் காவடியும் தெருவை நிறைத்துவிடும். அன்றைக்கு எடுத்த படங்களில்தான் இந்தக் கோளாறு அதிகம் வரும். மயிலிறகும் ஜிகினாவும் முகத்துக்கு முன்னால் அசைந்துகொண்டே இருக்கும். கேமரா தானாகத் தேடினால் பக்கத்தில் பளபளப்பது எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோக்கஸ் வைத்து முகத்தின்மேல் நிறுத்துங்கள்.

அதோடு, அவர் நடந்து வந்துகொண்டிருக்கிறார். மெதுவாக நடந்தாலும் நொடிக்கு ஒரு மீட்டர் கடப்பார். மூன்று மீட்டரில், எஃப் 1.8-ல், முன்பக்கத்து ஆழம் 13 செ.மீ. தான். ஃபோக்கஸைப் பூட்டிவிட்டு நல்ல முகபாவத்துக்குக் கால் நொடி காத்திருந்தால் அவர் ஆழத்தைத் தாண்டி வந்துவிட்டார். தொடர்ந்து பிடிக்கும் ஃபோக்கஸ் முறைக்கு மாற்றுங்கள். சில கேமராவில் ஏஎஃப்-சி என்றும் சிலவற்றில் சர்வோ என்றும் இருக்கும். எஃப் 4 அல்லது 5.6, ஷட்டர் 500-ல் ஒரு பங்கு. வெயிலில் இது தாராளமாகக் கிடைக்கும்.

திருவிழாவில் எஃப் 1.8-ல் எடுப்பதை நான் விட்டுவிட்டேன். காவடிக்குப் பின்னால் பாட்டுப் பாடி வரும் குடும்பமும், தண்ணீர் ஊற்றும் கைகளும்தானே அந்தப் படத்தின் உயிர். அவற்றைக் கரைத்துவிட்டு ஒற்றை முகத்தை மட்டும் காட்டினால் அந்த நாள் படத்தில் இருக்காது.

அறிகுறி: ஒரு வரிசை தெளிவு, மற்ற வரிசைகள் மங்கல்

என் லயத்துப் படம். இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

50 மி.மீ., எஃப் 1.8, ஐந்து மீட்டர் தூரம். தெளிவு 4.66 மீட்டரில் தொடங்கி 5.39 மீட்டரில் முடிகிறது. மொத்தம் 73 செ.மீ. வரிசைக்கு வரிசை 70 செ.மீ. இடைவெளி வைத்தால், மூன்று வரிசைக்கு முன் முகத்திலிருந்து பின் முகம் வரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். எந்த வரிசையில் ஃபோக்கஸ் வைத்தாலும் மற்றவை வெளியேதான் விழும். அன்றைக்கு நான் எத்தனை தடவை எடுத்திருந்தாலும் இதே கதைதான்.

அதே இடத்தில், அதே கேமராவில் ஜூம் லென்ஸை 35 மி.மீ.க்கு வைத்து எஃப் 5.6 போட்டிருந்தால்? தெளிவு 3.4 மீட்டரில் தொடங்கி 9.2 மீட்டர் வரை போகும். மூன்று வரிசையும், பின்னால் இருந்த கோயில் மணியும் சேர்ந்து விழுந்திருக்கும். கேமராவோடு இலவசமாக வந்த 18-55 லென்ஸ் போதும். அது அன்று பைக்குள்ளேயே கிடந்தது.

சரி, செய்ய வேண்டியவை. ஆட்களை நெருக்கி நிறுத்துங்கள். இது எந்த எண்ணையும்விட வேகமாக வேலை செய்யும். பின்வரிசையை ஒரு படி மேலே ஏற்றி, முன்வரிசையின் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டி நிற்கச் சொன்னால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள ஒன்றரை மீட்டர் ஒரு மீட்டராகச் சுருங்கும். கோயில் படிக்கட்டு இதற்கு நல்ல இடம். நீண்ட வரிசை என்றால் இரண்டு ஓரத்தையும் லேசாக முன்னுக்கு வளைத்து நிறுத்துபவர்கள் உண்டு. அகலக் கோண லென்ஸில் நான் அப்படிச் செய்வதில்லை. தெளிவுத் தளம் தட்டையானது. ஓரத்தில் நிற்பவர்கள் நேர்வரிசையில் நின்றாலே தளத்துக்குள் வந்துவிடுவார்கள்.

ஃபோக்கஸ் எங்கே வைப்பது? "மூன்றில் ஒரு பங்கு உள்ளே வை" என்று ஒரு பழைய சொல் உண்டு. அது எல்லாத் தூரத்துக்கும் பொருந்தாது. கிட்டத்தில் ஆழம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும். தூரம் போகப்போகப் பின்பக்கத்துப் பங்கு பெருகும். ஒரே ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் ஒன்றுக்கு இரண்டு என்று வரும். நான்கு மீட்டரில் முன்வரிசை, ஐந்தரை மீட்டரில் பின்வரிசை என்றால் நடுநிலை 4.6 மீட்டரில் இருக்கிறது. மூன்று வரிசைக்கு நடுவரிசை முகம், இரண்டு வரிசைக்கு முன்வரிசை முகம். இந்த அளவு நினைவில் இருந்தால் போதும்.

வெளிச்சம் குறைவு என்று எஃப் எண்ணைக் குறைக்காதீர்கள். எஃப் 1.8-லிருந்து 5.6-க்குப் போனால் ஒளி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகிவிடும், உண்மைதான். அதை ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்ணில்) ஈடுகட்டுங்கள். 400-ல் எடுத்தது 4000-க்குப் போகட்டும். படத்தில் மணல் தூவியதுபோல் கொஞ்சம் புள்ளி தெரியும். புள்ளி தெரியும் அப்பா முகத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் நேர்மையாக மீட்க முடியாது. மீட்டதாகக் காட்டுவது வேறு யாரோ ஒருவரின் முகம்.

அறிகுறி: பின்னணி மங்கவே மாட்டேன் என்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்க் குறை. இளைஞர்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான். "எஃப் 3.5 வச்சேன் அண்ணே, பின்னால காயுற துணிகூடத் தெரியுது." கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. லயத்து வீட்டுச் சுவரோரம் நிற்கிறான் நண்பன். துணிக்கொடி அவன் தலைக்குப் பின்னால் ஒரு முழத்தில் தொங்குகிறது. இவ்வளவு ஒட்டியிருந்தால் அது பெரிதாக மங்காது.

எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை (50 மி.மீ. என்பதுபோல் லென்ஸில் போட்டிருக்கும் எண்) துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. எண் சிறியதானால் துளை பெரிது என்பது இதனால்தான். ஆனால் பின்னணியை மங்க வைப்பது துளையின் உண்மையான விட்டம். 18 மி.மீ.யில் எஃப் 3.5 என்றால் விட்டம் 5 மி.மீ. தான். அதே லென்ஸை 55 மி.மீ.க்கு இழுத்தால் எஃப் 5.6 என்று எண் கூடிவிடும், விட்டமோ கிட்டத்தட்ட 10 மி.மீ. ஆகிவிடும். எண்ணைப் பார்த்து 18-லேயே நிற்பவர்கள் பாதி மங்கலை இழக்கிறார்கள். 50 மி.மீ. எஃப் 1.8-க்கு விட்டம் 28 மி.மீ. விலை குறைந்த 55-250 ஜூம் லென்ஸை 250-க்கு இழுத்து எஃப் 5.6 வைத்தால் 45 மி.மீ.! நல்ல வெளிச்சத்தில் அதுதான் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டிய மங்கல் லென்ஸ்.

இந்த விட்டத்தை வைத்து மனக்கணக்கே போடலாம். மிகத் தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது. படத்தில் அது வட்டமாக விரியும். அந்த வட்டத்தின் அளவை ஆளின் முகத்தோடு ஒப்பிட்டால், லென்ஸ் துளையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. 28 மி.மீ. துளை என்றால் முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஓர் ஒளிவட்டம். விளக்கு அவ்வளவு தொலைவில் இல்லாமல், உங்களுக்கும் ஆளுக்கும் உள்ள தூரமே ஆளுக்கும் விளக்குக்கும் இருந்தால் வட்டம் பாதியாகும். மூன்று மீட்டரில் ஆள், அவருக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவர் என்றால் கால் பங்கு, 7 மி.மீ. தான்.

ஆகவே, ஆளைச் சுவரிலிருந்து பிரித்து முன்னால் கொண்டுவாருங்கள். நீங்களும் நெருங்குங்கள். ஜூமை முழுக்க இழுங்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் உள்ள பாதையில் நிறுத்தி, பாதை நீளும் பக்கம் பின்னணியாக வரும்படி எடுத்தால் ஆளுக்குப் பின்னால் நூறு மீட்டர் தூரம் சும்மா கிடைக்கிறது. மாலையில் மட்டைகளுக்கு நடுவே இறங்கும் வெளிச்சப் பொட்டுகள் வட்டம் வட்டமாக விரியும். சாதாரண லென்ஸில் எடுத்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் படம் எடுப்பவர்களுக்கும் இதேதான். விளக்குச் சரம் ஆளுக்குப் பின்னால் இரண்டு கடை தள்ளி இருக்கட்டும். ஒட்டுக்கடைக் கூரையிலிருந்து தலைக்கு மேலேயே தொங்கும் பல்பு விரியாது.

அறிகுறி: ஆள் தெளிவு, சாய்ந்த கோபுரம் மங்கல்

வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லாரும் எடுக்கும் படம். 1885-ல் தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டிய கோபுரம். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே மூன்றே மாடி, உயரம் 25.5 மீட்டர். அதை மங்கவிட்டால் தெலுக் இந்தானுக்கு வந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்.

18 மி.மீ., எஃப் 8 வையுங்கள். ஃபோக்கஸை இரண்டு மீட்டரில் வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து முடிவில்லாத் தூரம் வரை எல்லாம் ஆழத்துக்குள் வந்துவிடும். இந்தத் தூரத்துக்கு ஹைப்பர்ஃபோக்கல் என்று பெயர். ஆளை இரண்டு, இரண்டரை மீட்டரில் நிறுத்தி அவர் முகத்திலேயே ஃபோக்கஸ் வைத்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். பெரிதாக அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் எஃப் 11. கணக்கு ஏற்றுக்கொள்ளும் விளிம்பில் கோபுரம் நிற்பதால், பெரிய அச்சில் லேசாக இளகித் தெரியும்.

அறிகுறி: எஃப் 22 வைத்தும் கூர்மை இல்லை

ஆழம் வேண்டும் என்று எண்ணைக் கடைசி வரை ஏற்றிவிட்டீர்கள். துளை மிகச் சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறும். எஃப் 22-ல் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் 0.03 மி.மீ. வட்டமாக விழுகிறது. நாம் தெளிவு என்று ஏற்றுக்கொண்ட 0.02-ஐவிட அது பெரிது. எல்லாமே ஒரே அளவு இளகிப்போகும். ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 11-க்கு மேல் போகாதீர்கள். 16 அவசரத்துக்கு.

அறிகுறி: தாலியில் ஒரு மணி தெளிவு, மற்றதெல்லாம் புகை

கிட்டப் போகப்போக ஆழம் மில்லிமீட்டரில் வந்துவிடும். சாதாரண லென்ஸில் முடிந்த அளவு நெருங்கி, பொருள் சென்சாரில் கால் அளவுக்கு விழும்போது, எஃப் 8-லும் 6 மி.மீ. தான். மேக்ரோ லென்ஸில் பொருளின் அசல் அளவுக்கே எடுத்தால் 0.6 மி.மீ.; கட்டெறும்பின் தலை தெளிவாக இருந்தால் கால் இருக்காது.

இங்கே துளையோடு மல்லுக்கட்ட வேண்டாம், கோணத்தை மாற்றுங்கள். தாலியைத் தாம்பாளத்தில் படுக்க வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பட்டாம்பூச்சி என்றால் விரித்த இறக்கைக்கு நேராகக் கேமராவைப் பிடியுங்கள். தட்டையான பொருள் தட்டையான தளத்தில் முழுக்க அடங்கிவிடும். அதுவும் போதாதென்றால் ஃபோக்கஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படம் எடுத்து, கணினியில் அடுக்கி ஒன்றாக்கலாம். அசையாத பொருளுக்கு மட்டும்.

அறிகுறி: பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று

கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் வரும். கண் வைத்துப் பார்க்கும்போது லென்ஸ் எப்போதும் முழுக்கத் திறந்திருக்கும். பொத்தானை அழுத்தும் நொடியில்தான் நீங்கள் வைத்த எஃப் எண்ணுக்குச் சுருங்கும். எஃப் 8 படத்தின் ஆழம் எடுக்கும் முன் தெரியாது. லென்ஸ் மாட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் பல கேமராக்களில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் துளை சுருங்கும், காட்சி இருளும், கண் பழகியதும் ஆழம் தெரியும். எஃப் 1.8-க்கு வேறு தொல்லை: உள்ளே இருக்கும் பார்வைத் திரை பெரும்பாலும் எஃப் 2.8 அளவு மங்கலைத்தான் காட்டும். நீங்கள் பார்ப்பதைவிடப் படத்தில் ஆழம் குறைவாகவே வரும்.

அறிகுறி: கைப்பேசியில் மல்லிகைச் சரம் பாதி காணோம்

கைப்பேசியின் சென்சார் மிகச் சிறியது, லென்ஸின் துளை சில மில்லிமீட்டர் அகலம்தான். எஃப் 1.8 என்று போட்டிருந்தாலும் ஆள் படத்தில் எல்லாமே தெளிவாகத்தான் விழும். போர்ட்ரெய்ட் முறையில் வரும் மங்கல் கணக்குப் போட்டு வரைந்தது. எது கிட்டம், எது தூரம் என்று கைப்பேசி ஊகித்து, தூரம் என்று முடிவு செய்ததை மங்கலாக்குகிறது. கூந்தல் நுனி, மல்லிகைச் சரம், மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, ஜிமிக்கி ஆகிய இடங்களில் ஊகம் தவறும்.

ஆளைப் பின்னணியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். கறுப்புக் கூந்தலுக்குப் பின்னால் இருட்டு வேண்டாம்; வெளிச்சமான பின்னணியில் ஓரம் நன்றாகப் பிரியும். எடுத்த பிறகு படத்திருத்தத்தில் மங்கல் அளவைக் குறைத்துப் பாருங்கள். பல கைப்பேசியில் அது எஃப் எண்ணாகவே இருக்கும். எஃப் 4 போல வைத்தால் தவறுகள் கண்ணுக்குப் படாது. சரத்தை மிக முக்கியமாக நினைத்தால் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிட்டு, இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஜூம் லென்ஸில் எடுங்கள்.

எல்லாம் பார்த்தும் லென்ஸ்மேல் சந்தேகம் தீரவில்லை என்றால்

ஒரு நீள அடிக்கோலை மேசைமேல் வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, 45 டிகிரி சாய்வில் பாருங்கள். நடுக்கோட்டில் ஃபோக்கஸ் வைத்து, முழுத் திறப்பில் ஐந்தாறு படம் எடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஃபோக்கஸைக் கலைத்துவிட்டு. எல்லாப் படத்திலும் தெளிவு நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் தள்ளி விழுந்தால் மட்டும் கருவியில் பிசகு. டிஎஸ்எல்ஆர் பலவற்றில் மெனுவிலேயே இதைத் திருத்தும் வசதி இருக்கிறது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோக்கஸ் பார்ப்பதால் அதில் இந்தக் குறை அபூர்வம்.

அடிக்கோல் சோதனையைவிட எனக்குப் பிடித்தது செம்பனை வரிசைதான். கன்று நடும்போதே ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு ஒன்று என்று அளந்து நடுகிறார்கள். இதைவிடப் பெரிய அடிக்கோல் எங்கே கிடைக்கும்? ஒரு மரத்துக்குப் பக்கத்தில் நின்று வரிசையைப் பாருங்கள். அடுத்தடுத்த மரங்கள் 9, 18, 27 மீட்டரில் நிற்கின்றன. 50 மி.மீ. லென்ஸில் இரண்டாம் மரத்தில் ஃபோக்கஸ் வைத்து, எஃப் 1.8-ல் ஒன்று, எஃப் 8-ல் ஒன்று எடுங்கள். முதல் படத்தில் 14 மீட்டரிலிருந்து 24 மீட்டர் வரைதான் தெளிவு: இரண்டாம் மரம் மட்டும் நிற்கும், முன்மரமும் பின்மரமும் கரையும். இரண்டாவது படத்தில் தெளிவு எட்டரை மீட்டரில் தொடங்குவதால் முதல் மரத்திலிருந்து வரிசையின் கடைசி வரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

எங்கள் லயம் இருந்த இடத்திலும் இப்போது செம்பனைதான். கேட்டு வரும் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போய் இந்த இரண்டு படத்தையும் எடுக்க வைக்கிறேன். கோயில் மட்டும் இன்னும் இருக்கிறது; நாங்கள் நின்று எடுப்பது அதன் படிக்கட்டிலிருந்து ஐந்தாவது வரிசையில்.